பூட்டட்டுங்களா சார்?

வானும் மண்ணும் சாட்சியாகச் சொல்கிறேன். இதில் ஓர் எழுத்துகூடக் கற்பனை இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளைக் கணினித் துறைக்கே அர்ப்பணித்தவன் நான். ஆதாரம் இல்லாத எதையும் என் பேனா எழுதாது.

கணினித் துறை என்றால் பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. பேனா என்றால் ஃபாரம் நிரப்ப வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடாமல் நூல் கட்டி வைத்திருக்கும் பேனா. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நடுராத்திரி பன்னிரண்டு மணி என்று எழுதத்தான் ஆசை. பேய்க்கு அதுதான் மரியாதை. உண்மையில் மணி சாயங்காலம் 6.52. பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ரோட்டோர டீக்கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்த நேரம்.

சகாயமேரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக கிளார்க். பள்ளியின் பெயர் வேண்டாம். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், அந்தச் சம்பளம்தான் வீடு. வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய அலுவலகக் கம்ப்யூட்டர் திடீரென்று செத்துவிட்டது. பிளஸ் டூ மாணவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேரின் அக மதிப்பெண் பட்டியல் திங்கள் காலை பத்து மணிக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். "பட்டியல் போகலைன்னா நீங்க போகலாம்" என்று தாளாளர் சொல்லிவிட்டார். அந்தத் தாளாளர் எதையும் சுருக்கமாகத்தான் சொல்வார், மேடையில் தவிர.

ஞாயிறு மாலை 5.20-க்கு நான் லேப்டாப் பையோடு போய் இறங்கினேன். சகாயமேரி வெளிக் கேட்டைத் திறந்துவிட்டார். நீளமான வராந்தா, வரிசையாகப் பதினோரு வகுப்பறைகள், கடைசியில் அலுவலகம். விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை. நடுவில் வெள்ளையாக ஒரு வரி. துவங்குவதற்கு எதையும் காணோம் என்று அதற்குப் பொருள்.

"பூட் ஆகலை" என்றேன், நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் மாதிரி.

"அது தெரிஞ்சுதானுங்க சார் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் சகாயமேரி.

பிறகு கைப்பையிலிருந்து கறுப்பாக, கை அகலத்தில் ஒரு பெட்டியை எடுத்தார். வெளியில் மாட்டுகிற ஹார்ட் டிஸ்க். "வெள்ளிக்கிழமை காலைல எல்லா மார்க்கையும் இதுல காப்பி போட்டு வச்சேனுங்க. இதை உங்க லேப்டாப்புல தெறந்து, பட்டியலைப் பிரிண்ட் எடுத்துரலாங்களா?"

எடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை.

ஆனால் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கா இருபத்திரண்டு ஆண்டு அனுபவம்? "மேடம், அது முறை இல்லை" என்றேன். "சிஸ்டத்தை முதல்ல உயிர்ப்பிக்கணும். அதுக்கு எமர்ஜென்சி பூட் டிஸ்க் தயார் பண்றேன். என் லேப்டாப்புல ஒரு பென்டிரைவைத் துவக்க டிஸ்க்கா மாத்தி, அதைக் கொண்டுபோய் இந்தக் கம்ப்யூட்டர்ல செருகினா, செத்தது எழுந்து உக்காரும்."

செத்தது எழுந்து உட்காரும் என்று நான் சொன்னது 5.41-க்கு. அப்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எதுக்கும் இந்த டிஸ்க்குக்கு இன்னொரு காப்பி எடுத்து வச்சுக்கங்க சார். இது ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

"குடுங்க" என்று வாங்கி லேப்டாப்பில் மாட்டினேன். மாட்டினேன், அவ்வளவுதான். காப்பி எடுக்கவில்லை.

அவர் மாலைப் பூசைக்குக் கிளம்பினார். "எட்டு மணிக்குள்ள வந்துர்றேனுங்க. வெளிக் கேட்டை மட்டும் பூட்டிட்டுப் போறேன். நாய் பூந்துரும்." ஸ்கூட்டி சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

6.10. தேவையான ஃபைலை இறக்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் நெட் நத்தை மாதிரி நகர்ந்தது.

6.35. வெளிச்சம் போய்விட்டது. ட்யூப் லைட்டைப் போட்டேன். மூன்று முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

6.41. வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு சத்தம்.

சரக்... தட். சரக்... தட்.

ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். ரப்பர் செருப்பு. கூடவே சாவிக்கொத்து குலுங்கியது. வாட்ச்மேன் போலிருக்கிறது என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். வெளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாரே, இவர் எப்படி உள்ளே வந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாட்ச்மேன் எப்படி வருகிறார், எப்படிப் போகிறார் என்பதை யார் கவனிக்கிறார்கள்?

சத்தம் என் கதவுக்கு வெளியே நின்றது. கதவு சாத்தியிருந்தது. அடியில் இருந்த இடுக்கில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. மஞ்சள் வெளிச்சம். பழைய குண்டு பல்பு டார்ச். இப்போது யார் கையில் இருக்கிறது அது?

"பூட்டட்டுங்களா சார்?"

வயசான குரல். பணிவான குரல். என் காதில் விழுந்தது 'பூட் ஆச்சுங்களா சார்' என்று.

சகாயமேரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இவர் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாட்ச்மேனுக்குக்கூட பூட் என்ற சொல் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நாட்டின் வளர்ச்சியில் என் ஜெராக்ஸ் கடைக்கும் பங்கு உண்டு அல்லவா.

"இன்னும் பூட் ஆகலைங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

வெளிச்சம் நகரவில்லை.

அப்போது ஒன்று கவனித்தேன். கதவுக்கு வெளியே ஆள் நின்றால், இடுக்கு வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் விழ வேண்டும்.

விழவில்லை.

டார்ச்சை முன்னால் நீட்டிப் பிடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபைல் இறங்கி முடிந்தது. பையின் சின்ன அறையில் கைவிட்டுப் பென்டிரைவை எடுத்துச் செருகினேன். துவக்க டிஸ்க் தயாரிக்கும் மென்பொருளைத் திறந்தேன். எந்த டிரைவில் எழுதவேண்டும் என்று கேட்டது. பட்டியலில் ஒரே ஒரு டிரைவ் இருந்தது.

இரண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை.

6.51. திரையில் எச்சரிக்கை வந்தது. 'இந்த டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?'

கதவுக்கு வெளியே அதே குரல்.

"எல்லாத்தையும் ஒருக்கா பாத்துக்கிட்டீங்களா சார்?"

"பாத்தாச்சு."

"எதுக்கும் இன்னொருக்கா பாத்துக்கங்க. அப்பறம் தெறக்க முடியாது."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நிபுணர் வேலை செய்யும்போது வாட்ச்மேன் யோசனை சொல்வதா? "யோவ், எனக்குத் தெரியும்யா. கம்முனு இரு. பூட் ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே, 'தொடர்க' என்பதை அழுத்தினேன்.

'பூட் ஆகட்டும்' என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது தெரியும்.

6.52.

நாதாங்கி விழுந்தது. சாவி திரும்பியது.

டக்.

டக்.

இரண்டு சுற்று.

பிறகு, பூட்டினவர்கள் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம். டடக். டடக். டடக்.

"ஹலோ" என்றேன். "உள்ள ஆள் இருக்குது. ஏங்க..."

டார்ச் வெளிச்சம் அணைந்தது. சரக்... தட். சரக்... தட். வராந்தாவில் திரும்பிப் போகிறது. எழுந்து ஓடிக் கதவை இழுத்தேன். அசையவில்லை.

அடுத்து ஒரு சத்தம். தூரத்தில் ஒரு ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

டப்.

முதல் வகுப்பறை.

டப்.

இரண்டாவது. ஒவ்வொன்றாக என் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் எண்ணினேன். பயத்தில் மனிதன் செய்யக்கூடிய ஒரே கணக்கு அது. ஒன்பது... பத்து... பதினொன்று.

அடுத்தது அலுவலகம்.

என் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே இருட்டு. ஒருவரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கதவு இரண்டும் மெல்ல நகர்ந்தன. சாத்திக்கொண்டன.

கொக்கி உள்பக்கம் இருக்கிறது. என் பக்கம்.

அது தானாக எழும்பி...

வளையத்தில் விழுந்தது.

நான் கத்தவில்லை. கத்தினேன் என்று பிறகு பல பேரிடம் சொன்னேன். உண்மையில் குரல் வரவில்லை.

6.58. லேப்டாப் 'டிங்' என்றது. திரையில் பச்சைக் கோடு முழுதாக நிரம்பியிருந்தது. வேலை வெற்றிகரமாக முடிந்ததாம். பக்கத்தில் ஒரு சின்ன நீல விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

பென்டிரைவின் விளக்கு அல்ல. சகாயமேரியின் டிஸ்க்கின் விளக்கு.

திறந்து பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இல்லை. ஒரு ஃபோல்டர்கூட இல்லை. அந்தக் கறுப்புப் பெட்டி முழுவதும் துவக்க டிஸ்க்காக மாறிவிட்டிருந்தது. மறுநாள் காலை பத்து மணி. இரண்டு பெண் பிள்ளைகள். எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

அப்போது குரல் கேட்டது. கதவுக்கு வெளியிலிருந்து இல்லை. எனக்குப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே.

"அதான் பாத்துக்கங்கன்னு சொன்னேன்."

கோபமே இல்லாத குரல். வருத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

மேசைக்கு அடியில் எப்படிப் போனேன் என்று தெரியாது. அங்கிருந்தே சகாயமேரிக்குப் போன் போட்டேன். மூன்று முறை எடுக்கவில்லை. பூசை. 7.26-க்கு எடுத்தார்.

"மேடம்... பூட்... பூட்டிட்டாங்க."

"பூட் ஆயிருச்சுங்களா சார்? மாதாவே. இப்பத்தான் உங்களுக்காக வேண்டிக்கிட்டு வெளிய வர்றேன்."

"பூட் இல்ல மேடம். பூட்டு. கதவு. வெளிய பூட்டிட்டாங்க."

"யாருங்க சார் பூட்டுனது?"

"வாட்ச்மேன்."

போனில் கோயில் மணி கேட்டது.

"சார்... நம்ம ஸ்கூல்ல இப்ப வாட்ச்மேன் இல்லீங்களே. அந்தக் கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்தான். பழைய பூட்டு ஒண்ணு தொறந்தாப்பல தொங்கும். அதுக்குச் சாவி கெடையாதுங்க."

8.05-க்கு அவர் வந்தார். வழியில் ஆட்டோக்காரர் முருகேஷையும் கடப்பாரையோடு கூட்டி வந்திருந்தார். நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. கதவைத் திறந்ததும் முருகேஷ் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சார் ஒயரு தேடறாருங்க மேடம்" என்றார்.

சகாயமேரி என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்தார். திரையில் காலியான டிஸ்க்.

"சார், மார்க்கெல்லாம் எங்கீங்க?"

இதுவரை எழுதியது பயந்த கதை. இனி எழுதுவது வெட்கக்கேடு.

நான் தப்பான டிரைவை அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பேய் அழிச்சிருச்சு மேடம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாளாளர் வந்தார். பெருக்குகிற அம்மாள்வரை எல்லாரையும் அலுவலக வராந்தாவில் கூட்டினார். என்னைச் சாட்சியாக நிறுத்தினார். காலை இழுத்து நடந்தது, குண்டு பல்பு டார்ச், வயசான குரல் எல்லாம் சொன்னேன். கூட்டத்தில் யாரோ, "அது நம்ம பச்சியப்பன்" என்றார்கள். வாட்ச்மேனாக இருந்தவர். ஐப்பசியில் இறந்துபோனாராம். "அவர்தான் அழிச்சாரா?" என்று தாளாளர் கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

பகுத்தறிவு பற்றி ஆண்டு விழாவில் நாற்பது நிமிடம் பேசுகிற தாளாளர் உடனே நம்பினார். மேலே 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்கள்' என்று கடிதம் போனது. இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. ஆசிரியர்களின் நோட்டுகளை வாங்கி வைத்து, சகாயமேரி இரண்டு நாளும் தூங்காமல் அத்தனை மதிப்பெண்ணையும் திரும்ப அடித்தார். பட்டியல் போனது. அவர் வேலையும் தப்பியது. பழியைச் செத்தவர் பேரில் போட்டதால் உயிரோடிருக்கிற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஸ்டேஷன் ரோட்டில் இந்தக் கதையைக் குறைந்தது முப்பது பேருக்குச் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லப் பச்சியப்பனின் கண்கள் சிவந்துகொண்டே போயின. பல்லும் வளர்ந்தது.

வியாழக்கிழமை மதியம் கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். கையில் எந்தக் காகிதமும் இல்லை.

"ஜெராக்ஸுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. நான் ராணியம்மாள். ஸ்கூல்ல பெருக்கற வேலை. வாட்ச்மேன் பச்சியப்பன் சம்சாரம்."

ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஆபீஸ் பக்கம் வராதன்னு சொல்லிட்டாங்க சார். நான் வந்தா அவரும் பின்னாலயே வந்துருவாராம். எல்லாத்தையும் அழிச்சுப்புடுவாராம். அடுத்த மாசம் வேலைக்கே வர வேணாங்கறாங்க." முந்தானையை இழுத்துச் செருகினார். "எங்க வூட்டுக்காரரு எதையும் அழிக்கிற ஆள் இல்லீங்க சார். பூட்டறதுதான் அவரு வேலை. பூட்டறதுக்கு முந்தி ஒவ்வொரு ரூமா போயி, எதுக்கும் ஒருக்கா பாத்துக்கங்கன்னு சொல்லுவாரு. பதினெட்டு வருசம் அதையேதான் சொன்னாரு. நெசமாவே அவரா சார் அழிச்சாரு?"

கதவுக்கு வெளியே கேட்ட அந்த 'பாத்துக்கங்க' என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சகாயமேரியிடம் இல்லை, தாளாளரிடம் இல்லை, ஸ்டேஷன் ரோட்டிலும் இல்லை. அதைச் சொன்னால் என் குட்டு உடைந்துவிடுமே.

பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன். "அந்தப் பழைய பூட்டு... யாராச்சும் வெளையாட்டுக்கு அமுக்கி வச்சிருப்பாங்களோ?"

"அது அமுக்குனா பூட்டாதுங்க. சாவி போட்டு ரெண்டு சுத்து சுத்தோணும்."

"சாவி?"

"அரணாக்கயித்துலயே கட்டியிருப்பாருங்க. செத்தன்னைக்குக் கயித்த அறுத்தாங்க. சாவிய யாருகிட்ட குடுக்கறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஸ்கூல்ல இருந்து யாரும் வரலையே. அவரு கையிலயே வச்சு, வெரலை மடக்கிப் பொதைச்சுட்டோம்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் மெஷின் சூடாகி முனகியது. ராணியம்மாள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

"விசாரிக்கறேங்க" என்றேன். யாரிடம் விசாரிப்பதாம்?

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். நாளைக் காலை இதில் ஒரு பிரதி தாளாளருக்கு, ஒன்று சகாயமேரிக்கு. ராணியம்மாளுக்கு நானே நேரில் போய்ப் படித்துக் காட்டவேண்டும். பூட்டியது பச்சியப்பன். எப்படி என்று எனக்குத் தெரியாது, யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். அழித்தது நான்.

எழுதும்போதே ஒரு சந்தேகம் வந்தது. பட்டியலில் ஏன் ஒரு டிரைவ் மட்டும் காட்டியது? எழுந்து பையைக் கொட்டிப் பார்த்தேன். பென்டிரைவ் சின்ன அறையிலேயே, வாங்கின பிளாஸ்டிக் மூடியோடு இருந்தது.

அன்றைக்குப் பென்டிரைவ் என்று நினைத்து நான் செருகியது வயர்லெஸ் மவுஸுக்கு வருகிற டாங்கிள்.